சவுக்கு தொங்கிய வீட்டிலிருந்து வெண்மணிக்கு

எங்கள் தாத்தா வீட்டு ரேழியில், உத்தரத்துக்குக் கீழே ஓர் ஆணியில் சவுக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். திரித்த தோல், மூங்கில் பிடி. ஏழெட்டு வயதில் ஒருநாள் அது எதற்கு என்று கேட்டேன். "மாட்டுக்குடா" என்றார் பாட்டி. எங்கள் வீட்டில் ஏர் ஓட்டியவர்களும் வண்டி ஓட்டியவர்களும் கையில் தார்க்குச்சிதான் வைத்திருந்தார்கள். சவுக்கை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு முப்பது வயது ஆனது.

அதே ரேழியில் உட்கார்ந்துதான் தாத்தா இன்னொரு கதையையும் சொல்வார். 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, அந்தப் படை நீடாமங்கலத்திலிருந்து எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் மன்னார்குடிக்குப் போனது. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். சனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரங்களில் தொங்கவிட்டார்கள். எங்கள் வீட்டுப் புளிச்சோறும் ஒரு மரத்தில் தொங்கியது என்று தாத்தா சொல்லும்போது அவர் குரல் ஏறும்.

சோறு கட்டிய வீடும் சவுக்கு தொங்கிய வீடும் ஒன்றுதான். இந்த முடிச்சு நெடுநாளாக என்னோடு இருக்கிறது. சென்ற மார்கழியில், டிசம்பர் 27 அன்று விடியற்காலை, தஞ்சாவூர்ப் புதிய பேருந்து நிலையத்தில் திருவாரூர் வண்டி ஏறினேன். கீழவெண்மணிக்குப் போய், அங்கிருந்து வேதாரண்யம் போவதாகத் திட்டம்.

அம்மாப்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா. கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற பருவம். பனி இறங்கிய வயலில் ஒரு மணம் வரும். அதை வேறு எங்கும் நான் உணர்ந்ததில்லை. கல்லணையில் காவிரியைவிட்டுப் பிரிந்த வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு வந்ததும் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அதற்குக் கிழக்கே தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்துகொண்டே போகும். கடைமடை என்பது அதுதான். மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். நிலம் மட்டும் அப்படிப் பிரிந்து மெலியவில்லை. கிழக்குத் தஞ்சையில் அது சில குடும்பங்கள், சில கோயில்கள், சில மடங்கள் கையில் குவிந்து கிடந்தது. நடவு நட்டவர்களும் அறுத்தவர்களும் நிலமில்லாத பண்ணையாட்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

திருவாரூரில் இறங்கி, கீழ்வேளூர் வழியாகத் தேவூருக்கு வந்தேன். அங்கிருந்து ஆட்டோ. ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "நினைவு நாளுக்கு வரலியா சார்? நேத்து முந்தாநாள் கால் வைக்க எடம் இல்ல" என்றான். சாலையோரத்துச் செங்கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. பனியில் நனைந்து கம்பங்களோடு ஒட்டிக் கிடந்தன.

நினைவுத் தூணுக்கு முன்னால் யாரும் இல்லை. முந்தைய நாட்களின் மாலைகள் வாடியிருந்தன. கல்லில் வெட்டிய பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன். நாற்பத்து நான்கு பெயர்கள். பாதியிலேயே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும்: இவை பெரும்பாலும் பெண்களின் பெயர்கள், குழந்தைகளின் பெயர்கள்.

1968 டிசம்பர் 25 இரவு. அதற்கு முன்பே பல மாதங்களாக இந்தப் பகுதியில் கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கேட்டது, அறுவடைக் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல். அதைவிடப் பெரிய உறுத்தல், சேரியில் பறந்த செங்கொடி. அதை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர வேண்டும் என்பது மிராசுதார்களின் நிபந்தனை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். கைகலப்புகள் நடந்தன. அன்று மாலை நடந்த மோதலில் நிலக்காரர்கள் தரப்பில் ஒருவர் இறந்தார். இரவு துப்பாக்கியும் தீப்பந்தமுமாக ஆட்கள் வந்தார்கள். ஓட முடிந்தவர்கள் வயலில் இறங்கி ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். குடிசையைப் பூட்டித் தீ வைத்தார்கள்.

கல்லுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அகிம்சை என்ற சொல் நினைவுக்கு வரவில்லை. வந்தது தாத்தா வீட்டு ரேழி. தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் வழக்கமான தண்டனைகள். சாணியைத் தண்ணீரில் கரைத்து வலுக்கட்டாயமாகக் குடிக்கவைப்பதற்குத்தான் சாணிப்பால் என்று பெயர். தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் என்ற கம்யூனிஸ்ட் தலைவர், 1943 முதல் இந்தச் சேரிகளிலேயே தங்கி, அடியை வாங்கிக்கொண்டு குனிந்து நிற்காதே என்று சொல்லிக்கொடுத்தார். 1940களில் மன்னார்குடியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் அந்த இரண்டு தண்டனைகளும் கூடாது என்று எழுதவைத்தார்கள். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் சவுக்கை யாரும் ஆணியிலிருந்து இறக்கவில்லை.

வெண்மணிக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உயிரோடு இருந்தபோது கேட்டுக் கிடைக்காத கூலி, எரிந்த பிறகு சட்டமானது. வழக்கில், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்கு அமர்வு நீதிமன்றம் 1970இல் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் இருந்ததை இன்றைக்குப் படித்தாலும் உடம்பு பதறும். 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

அந்தக் கொலையைப் பற்றி அகிம்சை பேசும் தகுதி எனக்கு உண்டா என்று நெடுநேரம் யோசித்தேன். கொலையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஆள்பவர்கள், நிலம் வைத்திருப்பவர்கள், நீதிமன்றம் எல்லோரும் கைவிட்ட ஒரு சனத்தைப் பார்த்து, பொறுத்துக்கொள் என்று எங்களைப் போன்ற வீட்டிலிருந்து ஒருவன் சொன்னால் அது அகிம்சை ஆகாது. சவுக்கைப் பத்திரப்படுத்துகிற வேலை அது.

அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதியைச் சம்பாதித்தவர்கள் இருவர் இந்த மண்ணில் இருந்தார்கள். அவர்களைத் தேடித்தான் வெண்மணியிலிருந்து கூத்தூர் போனேன்.

கிருஷ்ணம்மாள் 1926இல் திண்டுக்கல் பக்கம் பட்டிவீரன்பட்டியில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். சங்கரலிங்கம் ஜெகந்நாதன் 1914இல் வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்தியின் அழைப்பில் கல்லூரியை விட்டவர். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் திருமணம் என்று காத்திருந்து 1950இல் மணந்துகொண்டார்கள். வினோபாவோடு பூதான நடை நடந்தார்கள். வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள், ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. இங்கேயே தங்கிவிட்டார்கள். இரங்கல் சொல்ல வந்தவர்கள் அந்த நாட்களில் நூறு பேர் இருந்திருப்பார்கள். தங்கியவர்களைத்தான் சேரி நினைவில் வைத்திருக்கிறது.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. அரைப்படி நெல்லுக்காக ஒருவன் இன்னொருவனை எரிக்க முடிகிறது என்றால், எரிந்தவளுக்குச் சொந்தமாகக் காணி நிலம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 1961இலேயே தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அது 15 ஆனது. சட்டம் வந்த வேகத்தில் நிலங்கள் பினாமிப் பெயர்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் மாறின. வலிவலத்தில் கோயில் நிலத்துக்காகச் சர்வோதயக்காரர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறை போனார்கள். 1981இல் உழுபவனின் நில உரிமை இயக்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லாஃப்டி என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் கடினம் புரியும். நிலத்தை விற்கும் மனநிலையில் இருக்கும் மிராசுதாரின் வீட்டுக்குக் கிருஷ்ணம்மாள் போவார். பெரும்பாலும் நடந்துதான். ஒருமுறை, பத்துமுறை, வருடக்கணக்கில். விலை பேசி முடிந்ததும் வங்கிக்கு அலைய வேண்டும், அரசு அலுவலகங்களுக்கு அலைய வேண்டும், பத்திரச் செலவுக்கு வழி தேட வேண்டும். நிலம் ஆளுக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவாகும். விளைச்சலிலிருந்து கடனைக் கட்டித் தீர்க்க வேண்டியது அந்தப் பெண்கள்தான். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் போனது. 2008இல் இருவருக்கும் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது.

நிலத்தைப் பறித்துவைத்திருந்தவனிடமே காசு கொடுத்து வாங்குவதா என்று இடதுசாரி நண்பர்கள் கேட்டதுண்டு. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். உச்சவரம்புச் சட்டத்தை அரசு நேர்மையாக நடத்தியிருந்தால், ஓர் ஏழைப் பெண் தன் பாட்டி உழைத்த வயலுக்கு வங்கிக் கடன் கட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நிலம் வந்து சேர்ந்த பெண்களிடம் பேசினால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

கூத்தூர்ப் பக்கம் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். அவர் காட்டிய ஏக்கரில் சம்பா சாய்ந்து நின்றது.

"இஞ்ச வந்து பாரு தம்பி. இந்த மடையிலேருந்து அந்தத் தென்ன மரம் வரைக்கும் நம்மளுது" என்றார். "பட்டா எம் பேருல வந்தன்னைக்கு ராத்திரி வூட்ல படுக்கவே முடியல. எந்திரிச்சு வந்து இந்த வரப்புல நின்னுகிட்டு இருந்தேன். யாரும் தொரத்தலியேன்னு பார்த்துகிட்டு."

"நிலம் வித்தவங்க மேல கோபம் இல்லியாம்மா?"

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோவம் எப்புடி இல்லாமப் போவும்? எங்கப்பாவ அந்த வாசல்லதான் கட்டி வச்சு அடிச்சாங்க. பத்திரம் எழுதுன அன்னைக்கு அதே வாசல்ல எனக்கு நாக்காலி போட்டாங்க. உக்காருன்னு சொன்னாங்க."

"உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன். காப்பித்தண்ணி குடுத்தாங்க, குடிச்சேன். வூட்டுக்கு வந்து அழுதேன்."

அடித்தவர்கள் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அதே வேளையில், என் தாத்தா யார் என்று அவரிடம் சொல்லும் துணிவும் எனக்கு வரவில்லை. அறுத்த புல்லைக் கட்டித் தூக்கிவிடச் சொன்னார். தூக்கி அவர் தலையில் வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்த நாற்காலியை வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். அவருடைய கோபம் எங்கும் போகவில்லை. நாற்பது வருடம் அதை வைத்திருந்து ஓர் ஏக்கராக மாற்றியிருக்கிறார். அடித்தவர் வீட்டுக்காரர்கள் தங்கள் கையாலேயே நாற்காலியை எடுத்துப் போட வேண்டி வந்ததே, அந்த நிமிடத்துக்காகத்தான் கிருஷ்ணம்மாள் அத்தனை முறை அந்த வாசல்களுக்கு நடந்திருக்க வேண்டும். அதில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவும் அப்படி ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

வலிவலம், கச்சனம் வழியாகத் திருத்துறைப்பூண்டி. சீனிவாசராவின் நினைவிடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே, 1961இல் இறந்துபோனார். அவர் வழி வேறு, ஜெகந்நாதன் வழி வேறு என்று பிரித்துப் பேசுவது எழுதுகிறவர்களின் வழக்கம். முதலில் ஒருவர் குனிந்தவர்களை நிமிர்த்தினார், நிமிர்ந்தவர்களுக்கு நிற்க இடம் தேடினார் இன்னொருவர். முதல் வேலை நடந்திராவிட்டால் இரண்டாவது நடந்திருக்காது என்பது என் துணிபு.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நெல் வயல் குறைந்து காற்றில் உப்பு ஏறுகிறது. நாகைக் கடலோரத்தில் 1990களின் தொடக்கத்தில் நெல் வயல்களை வாங்கிக் கம்பெனிகள் இறால் குளம் வெட்டின. உப்புத் தண்ணீர் பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் ஏறியது. கூலி வேலையும் போனது. எண்பதை எட்டிய ஜெகந்நாதன் மறுபடியும் சத்தியாக்கிரகத்துக்குப் போனார். அவருடைய வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பிறகு வந்த சட்டங்கள் அந்த உத்தரவை நீர்த்துப்போகச் செய்தன. 2013 பிப்ரவரியில் அவர் இறந்தார்.

வேதாரண்யத்துக்கு மாலையில் வந்து சேர்ந்தேன். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் மார்கழியில் வேலை இல்லை. பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பிய படை 28 அன்று வேதாரண்யம் வந்தது. 30 அன்று ராஜாஜி இங்கே உப்பை அள்ளினார், கைதானார். அந்த இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. இடங்கொடுத்து உதவிய சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் உப்பளத்தை வெள்ளை அரசு பறிமுதல் செய்தது.

ஆனால் வேதாரண்யத்தில் நான் பார்க்க விரும்பியது வைரப்பனின் நினைவிடத்தை. முடிதிருத்தும் தொழிலாளி. சத்தியாக்கிரகிகளை அடித்த போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஒருநாள் உடுப்பில்லாமல் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் மழித்த பிறகுதான் அவர் போலீஸ்காரர் என்பது தெரிந்தது. வைரப்பன் கத்தியை மடக்கிவிட்டார். பாதி முகத்தோடு அவரை நீதிமன்றத்துக்கு இழுத்துப் போனார் போலீஸ்காரர். மீதியை மழித்துவிடு என்றார் நீதிபதி. மாட்டேன் என்றார் வைரப்பன். ஆறு மாதம் சிறை.

இந்தக் கதையைச் சொல்லும்போது சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு போலீஸ்காரரின் கழுத்து அவருடைய சவரக்கத்திக்குக் கீழே இருந்தது. ஊரில் அடிபட்ட தொண்டர்களை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அந்தக் கத்தியை அவர் மடக்கினார். அதற்குப் பிறகு நீதிபதி சொல்லியும் அதைத் திறக்கவில்லை. ராஜாஜியின் நடையைப் பற்றி எத்தனையோ எழுதியாயிற்று. கையில் ஆயுதம் இருந்தும் அதை மடக்கிய அந்த மனிதருடைய முகத்தை, படம்கூடப் பார்க்காமல், அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைரப்பனுக்குப் பெயர் இருக்கிறது. வெண்மணியில் நாற்பத்து நான்கு பேருக்கும் கல்லில் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுபோய் மரத்தில் கட்டியவர் யார்? தாத்தா கட்டியிருக்க மாட்டார், அவர் திண்ணையை விட்டு இறங்காதவர். பிடிபட்டால் சிறை என்று தெரிந்தும் விடியுமுன் சாலைக்குப் போய் மரமேறிக் கட்டிவிட்டு வந்தவர் ஒரு பண்ணையாளாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் புளிச்சோற்றில் அவருக்கு ஒரு பிடி கொடுத்தார்களா என்றுகூட யாரும் சொன்னதில்லை. பத்தாண்டு கழித்துச் சவுக்கு விழுந்தது அவர் முதுகிலா, அவர் மகன் முதுகிலா?

திரும்பும் வழியில் மன்னார்குடியில் இறங்கி, எங்கள் ஊருக்கு ஒரு நகரப் பேருந்து பிடித்தேன். வீட்டை விற்று இருபது வருடம் ஆகிறது. சேரிக்குப் போனேன். எண்பத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் திண்ணையில் படுத்திருந்தார். இன்னார் பேரன் என்று இந்த முறை சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் பண்ணையில் வேலை செய்த பதினொரு பேரின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். அவருக்கு மறந்துபோனது இன்னும் ஐந்தாறு இருக்கும் என்றார்.

இதைப் படிப்பவர்களில் காவிரிக் கரையில் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். உங்கள் ஊர்ச் சேரியிலும் இப்படி ஒரு பெரியவரோ ஒரு பாட்டியோ இருப்பார். போய் உட்காருங்கள். யார் வீட்டிலிருந்து வருகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் இன்னும் சில வருடங்கள்தான் இருப்பார்கள்.